ஏப்ரல் வரை

ஒரு தொட்டியைத் தூக்கத் துப்பில்லை. இதில் பண்ணை வீடு ஒரு கேடு.

சாந்தாமணி இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பதினாறு வருடங்களாக மனதுக்குள்ளேயே திட்டிப் பழகியவள். வெளியே அவள் கணவன் வாஞ்சிநாதன், வாரி முடிக்காத மேப்பிள் சருகுகளின் நடுவே ரேக்கைப் பிடித்தபடி தன்னைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். சுற்றிலும் அறுத்த சோளக்கொல்லை. பக்கத்து ஊரான மான்மவுத் ஜங்ஷனுக்கே நாற்பது நிமிடம் கார் ஓட்ட வேண்டும்.

வீட்டை விற்ற கிட்டுசாமி, இறந்த மனைவி நாகரத்தினத்தின் கறிவேப்பிலைச் செடியையும் வாசலிலேயே விட்டுப் போயிருந்தார். பெரிய தொட்டியில், ஆளுயரம். ஒவ்வொரு வருடமும் முதல் உறைபனிக்கு முன் அதை உள்ளே இழுத்து, ஏப்ரலில் வெளியே விடுவாளாம். இருபத்தாறு வருடங்கள். அந்த மனிதரோ, சாப்பிட உட்கார்ந்தால் கறிவேப்பிலையைப் பொறுக்கித் தட்டோரம் ஒதுக்குகிறவர்.

அவளை நினைத்தால் சாந்தாமணிக்கு இரக்கம் வரவில்லை. இளப்பம்தான் வந்தது.

"ஃப்ராஸ்ட் வார்னிங் போட்டிருக்கான். செடிய உள்ள வச்சிடு சாந்தா, எனக்கு பேக் பெயின்," என்றான் வாஞ்சிநாதன்.

"திங்கக்கிழமை அந்த பிளானோ வேலைக்கு நான் பதில் சொல்லணும். அந்த ஊருக்கே போய் இருக்கணும்."

"வின்டர் முடியட்டுமே. இவ்ளோ பெரிய வீட்ட யார் மெயின்டெயின் பண்றது? நாகரத்தினம் ஆன்ட்டி ஒரு வின்டர்கூட இந்த வீட்ட விட்டு நகர்ந்ததில்லையாம்."

"அதான் செத்துட்டாங்க."

அவன் சிரித்துவிட்டு, இந்திய மளிகை வாங்க ஐசலின் கடைத்தெருவுக்குக் கிளம்பினான். முதுகுவலி காரோட்ட மட்டும் தடையில்லை.

குளிர்காலத்துக்காகக் கடிகாரங்களை ஒரு மணிநேரம் பின்னுக்குத் திருப்பிய வாரம் அது. ஐந்து மணிக்கே இருட்டியது. கோட்டை மாட்டிக்கொண்டு அவள் பின்வாசல் வழியாகச் சுற்றி முன்வாசலுக்கு வந்தாள்.

தொட்டி அங்கே இல்லை.

பலகைத் தரையில் ஈர மண் கோடு, இழுத்த தடம், நிலைப்படி தாண்டி உள்ளே போயிருந்தது. கதவு திறந்திருந்தது. உள்ளிருந்து தாளிப்பு வாசனை வந்தது. கடுகு, கறிவேப்பிலை.

அவள் இன்று அடுப்பே பற்றவைக்கவில்லை.

திறந்த கதவு வழியே தெரிந்த சமையலறை ஜன்னலோரம் செடி நின்றது. காற்றில்லாமல் இலைகள் அசைந்தன. பக்கத்தில் அதே அளவில் இன்னொரு தொட்டி. அதில் செடி இல்லை. புதிதாக நிரப்பிய மண் மட்டும்.

மண்ணில் இரண்டு குழிகள் இருந்தன.

அவளுடைய பாத அளவில்.

"நானே எடுத்து வச்சிட்டேன்," என்றது இலைகளுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல், களைப்பாக, அன்பாக. "வெளில பனி. நீயும் உள்ள வாம்மா. ஏப்ரல்ல விட்டுடறேன்."

சாந்தாமணியின் ஒரு கால் நிலைப்படியில் இருந்தது. அது எப்போது அங்கே போனதென்று அவளுக்குத் தெரியவில்லை.

காலைப் பின்னுக்கு எடுத்தாள். கோட்டுப் பையில் அவளுடைய கார்ச் சாவி சில்லென்றிருந்தது.

"இல்ல ஆன்ட்டி," என்றாள் மெதுவாக. "நான் வரல."