தக்காளிக்கு வைத்த பொட்டு

சயந்தினியின் அப்பா ஆனந்தராசா ஒரு கார் வாங்கினார். பளபளக்கும் புதுக் கார் என்று நினைத்துவிடாதீர்கள். அது அப்பாவைவிட வயதில் மூத்தது. சின்னஞ்சிறு சிவப்புக் கார். நாலு பேர் ஏறினால், ஐந்தாவதாக ஒரு தேங்காய்க்குக்கூட இடம் இராது. சயந்தினி அதைப் பார்த்த உடனேயே 'தக்காளி' என்று பெயர் வைத்துவிட்டாள்.

"முதல் பயணம் மொண்டெல்லோக் கடற்கரைக்குத்தான்!" என்று அப்பா வாக்குக் கொடுத்தார்.

கோடை விடுமுறை முடியப் போகிறது. தக்காளியோ, இத்தாலியில் சீசா என்ற பகுதியில் அவர்கள் இருந்த தெருவைத் தாண்டவே இல்லை.

காரணம், ஸ்டியரிங். அப்பா அதை வலப்பக்கம் திருப்புவார். ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் திருப்புவார். அப்போதும் ஒன்றும் நடக்காது. பிறகுதான் தக்காளி யோசித்துப் பார்த்து, போனால் போகட்டும் என்று திரும்பும்.

"நான் இதில ஏறமாட்டன்," என்று அம்மா செல்வமலர் ஒரேயடியாகச் சொல்லிவிட்டாள். "சொல்லுக் கேக்காத காரை நம்பிப் பிள்ளையையும் கொண்டு வரேலுமே?"

அம்மாவின் தம்பி சிவபாலன் உதவிக்கு வந்தார். சிவபாலன் மாமாவுக்கு எதையும் கழற்றத் தெரியும். திரும்பப் பூட்டும்போதுதான் கொஞ்சம் தலையைச் சொறிவார். இரண்டு சனிக்கிழமைகள் காருக்குக் கீழே படுத்துக்கிடந்தார். முறுக்கக்கூடியதை எல்லாம் முறுக்கினார். கடைசியில் மூக்கில் கிறீஸோடு எழுந்து வந்தார்.

"அத்தான், சில்லைத் திருப்புற ஸ்டியரிங் பெட்டி முடிஞ்சுது. இந்தப் பழசுக்கு அதை எங்கை போய்த் தேடுறது?"

இந்தச் செய்தி தெருமூலையில் பீட்சாக் கடை வைத்திருக்கும் லொரென்சோவின் காதுக்குப் போனது. அவர் மாவுக் கையோடு ஓடி வந்தார்.

"எனக்கு விற்றுவிடுங்கள்!" என்றார் இத்தாலிய மொழியில். "கடை வாசலில் நிறுத்துவேன். கூரையைத் திறந்து, உள்ளே மண்ணைக் கொட்டி, பசிலிக்கோச் செடி நடுவேன். வருகிறவர்கள் எல்லாரும் படம் எடுப்பார்கள்!"

பசிலிக்கோ என்றால் பீட்சாவின் மேல் போடும் வாசனை இலை. அது நல்ல இலைதான். ஆனால் தக்காளிக்குள்ளே மண்ணா? அன்று மத்தியானம் சயந்தினிக்குப் பிட்டு இறங்கவே இல்லை.

"சனிக்கிழமை ஐந்து மணிக்கு வாருங்கள்," என்று அப்பா லொரென்சோவிடம் மெதுவாகச் சொன்னார். அப்பாவுக்கும் மனமில்லை என்பது அவருடைய முகத்திலேயே தெரிந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. பூசை முடிந்ததும், வழக்கம்போல அம்மா சந்தனக் கிண்ணத்தோடு காருக்கு வந்தாள். அம்மா பொட்டு வைக்கத் தொடங்கினால் இடம் பார்ப்பதில்லை. கண்ணாடிக்கு ஒன்று, நாலு சக்கரங்களுக்கும் நாலு, கியருக்கு ஒன்று, கடைசியில் குனிந்து கால்மிதிகளுக்கு மேலே ஸ்டியரிங் கம்பிக்கும் ஒன்று.

"விக்கப்போற காருக்கும் பொட்டே அம்மா?"

"போற பிள்ளையை வெறும் நெத்தியோட அனுப்புறதே?" என்றாள் அம்மா. பிறகு கம்பியைக் காட்டினாள். "இஞ்சை பார். மற்றப் பொட்டெல்லாம் போன வெள்ளி வைச்சது வைச்சபடி இருக்கு. இந்த ஒண்டு மட்டும் ஒவ்வொரு கிழமையும் ரெண்டா வெடிச்சுப் போகுது. எல்லாம் கண்ணூறு. விக்கிறதுதான் நல்லது."

புதுப் பொட்டை வைத்துவிட்டு அம்மா போய்விட்டாள்.

சயந்தினி ஓட்டுநர் இருக்கையில் குப்புறப் படுத்து, தலையைக் கீழே தொங்கவிட்டுப் பார்த்தாள். கண்ணூறு படுவதென்றால் ஆட்களின் கண்ணில் படும் இடத்தில்தானே படவேண்டும்? கால்மிதிக்கு மேலே, இந்த இருட்டுக்குள் யார் வந்து கண் வைத்தது?

இன்னும் உற்றுப் பார்த்தாள். மேலேயிருந்து வரும் நீளக் கம்பி அங்கே ஒரு குட்டைக் கம்பியோடு சேர்ந்தது. இரண்டையும் ஓர் இரும்பு வளையம் பிடித்திருந்தது. அம்மாவின் பொட்டு வளையத்திலும் குட்டைக் கம்பியிலும் பாதிப் பாதியாக, சரியாகச் சேரும் இடத்தில் இருந்தது.

இரண்டும் சேர்ந்தே திரும்பினால் பொட்டு ஏன் இரண்டாக வெடிக்கவேண்டும்?

சனிக்கிழமை காலையில் அவள் மாமாவைக் கையோடு இழுத்து வந்தாள். அதற்குள் சந்தனம் நன்றாகக் காய்ந்திருந்தது.

"அப்பா, ஸ்டியரிங்கைக் கொஞ்சமாத் திருப்புங்கோ. சில்லு அசையக்கூடாது. அவ்வளவு கொஞ்சம்."

"சந்தனத்தைப் பாத்துக் கார் திருத்துறதை இண்டைக்குத்தான் பாக்கிறன்," என்று மாமா சிரித்தார்.

அப்பா இடப்பக்கம் கொஞ்சம் திருப்பினார். வலப்பக்கம் கொஞ்சம் திருப்பினார். சயந்தினி டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு கண் இமைக்காமல் பார்த்தாள்.

டப்!

பொட்டு நடுவே வெடித்தது. மேல்பாதி வளையத்தோடு திரும்பியது. கீழ்ப்பாதி இருந்த இடத்திலேயே இருந்தது.

"அஸ்பெட்டா! பொறுங்கோ அப்பா, நிப்பாட்டுங்கோ! மாமா, இஞ்சை வந்து பாருங்கோ!"

மாமா தலையை உள்ளே நுழைத்தார். அவருடைய சிரிப்பு நின்றது.

"பெட்டி பழுதெண்டா ரெண்டு கம்பியும் சேர்ந்தெல்லோ திரும்ப வேணும்," என்றார். "மேல்கம்பி மட்டும் திரும்புது. அப்ப பெட்டியில பிழை இல்லை. இந்த வளையந்தான் இறுக்கமில்லை!" பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் ரெண்டு சனியும் கீழதான் பாத்தனான். உள்ளுக்குப் பாக்கேல்லை. உன்ர கொம்மாட்டச் சொல்லிப்போடாதை."

வளையத்தின் போல்ட் தேய்ந்துபோயிருந்தது. மாமா ஓடிப்போய்ப் புதுப் போல்ட்டும் நட்டும் வாங்கி வந்தார். பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானரால் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினார். அப்படியும் அப்பாவுக்குத் திருப்தி வரவில்லை. அடுத்த தெரு மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவர் மேலும் கீழும் பார்த்து, இரண்டு தரம் ஓட்டியும் பார்த்து, "பெர்ஃபெத்தோ!" என்றார். மாமா தானே கண்டுபிடித்ததுபோலத் தலையாட்டினார். சயந்தினி முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

ஐந்து மணிக்கு லொரென்சோ ஒரு மூட்டை மண்ணோடும் ஆறு செடிகளோடும் வந்தார். அப்போது தக்காளி தெருமூலையில் அழகாகத் திரும்பி வந்து நின்றது. அவர் தோளிலிருந்த மூட்டையை இறக்கிவைத்தார். முகம் அப்படியே வாடிவிட்டது.

சயந்தினிக்குப் பாவமாக இருந்தது. அவர் எவ்வளவு ஆசையாகச் செடிகளைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்!

"அப்பா, தக்காளி பின்னேரத்தில இஞ்சை சும்மாதானே நிக்குது?" என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அவள் லொரென்சோவிடம் இத்தாலிய மொழியில் சொன்னாள்: "பின்னேரங்களில் தக்காளி உங்கள் கடை வாசலில் நிற்கட்டும். பூச்சாடிகளைச் சுற்றிவர வையுங்கள். ஆட்கள் படம் எடுக்கட்டும். ஆனால் உள்ளே மண் மட்டும் கொட்டக்கூடாது!"

லொரென்சோ ஒரு கணம் யோசித்தார். பிறகு சந்தோசத்தில் அவளுடைய இரண்டு கன்னங்களிலும் மாவைப் பூசிவிட்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஸ்டியரிங் கம்பியில் அதே இடத்தில் புதுப் பொட்டு ஒன்றை வைத்துவிட்டு, கதவுப் பிடியை இறுக்கிப் பிடித்தபடி ஏறினாள். முதல் வளைவில் கண்ணை மூடினாள். இரண்டாம் வளைவில் ஒரு கண்ணைத் திறந்தாள். மூன்றாம் வளைவில், "கொஞ்சம் கெதியா விடுங்கோவன்," என்றாள்.

மொண்டெல்லோவில் கடல் நீலமாய் விரிந்து கிடந்தது. அம்மா அதைப் பார்க்கவில்லை. இறங்கியதும் முதல் வேலையாக, அப்பாவின் பக்கத்துக் கதவைத் திறந்து கால்மிதிக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

பொட்டு முழுசாக இருந்தது.

"பாத்தியே, கண்ணூறு கழிஞ்சுது!" என்றாள் அம்மா நிம்மதியாக.

"ஓம் அம்மா," என்றாள் சயந்தினி, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "பதின்மூண்டாம் நம்பர் ஸ்பானரால கழிச்சது."