ஞாயிற்றுக்கிழமை அப்பம்

குரு மரினியன் கன்னத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நேற்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையிலிருந்தே பல்வலி. பூசையில் அவருக்கு உதவும் துணைத்தியாக்கோன் லுப்போ மூச்சிரைக்க உள்ளே நுழைந்தான்.

“சாமி, பாப்பரசர் தவறிட்டாரு. நேத்து ராத்திரி குடிச்ச மீன் சாறுல விஷமாம். நடுப்பகல்ல சமையல்காரர் ஜெம்முலுசோட கண்ணைப் பிடுங்கப் போறாங்க.”

“யாரு சொன்னது?”

“காலிக் கிண்ணத்தைப் பார்த்து காவலருங்களே முடிவு கட்டிட்டாங்க. அறைச் சேவகர் பெத்ரோனாக்ஸ் வாயே திறக்கல. பாப்பரசர் நோயில விழுந்த இந்த ஒரு மாசமா இவரைத் தவிர யாரும் உள்ள போனதில்ல. பூசைகூடப் படுக்கையிலதான்.”

பாப்பரசர் வாழ்ந்த லாத்தரன் அரண்மனைக்குப் போய் மரினியன் அவருடைய கையைத் தூக்கிப் பார்த்தார். விறைப்பெல்லாம் விட்டுத் தளர்ந்து கிடந்தது; நேற்று இரவு செத்த உடம்பு அதற்குள் தளராது. காவல் தலைவரையும் பெத்ரோனாக்சையும் கட்டுண்டிருந்த ஜெம்முலுசையும் ஒன்றாக நிறுத்தினார்.

“பாப்பரசர் ஞாயித்துக்கிழமை பூசை வைக்கிற அப்பத்துல ஒரு துண்டு நம்ம கோயில்களுக்கு வரும். அன்னைக்குச் சுட்டது, மெத்துனு இருக்கும். நேத்து வந்தது என் பல்லை உடைச்சிருச்சு. அது போன வாரத்து அப்பம்.”

“அப்போ நேத்து பூசையே நடக்கலையா?” என்றான் லுப்போ.

“வைக்க ஆளில்ல. சனிக்கிழமை ராத்திரியே போயிட்டாரு. செத்தவரு எப்படிச் சாறு குடிப்பாரு?”

“மறைக்கிறவன் புது அப்பத்தையே அனுப்பியிருக்கலாமே?” என்றார் காவல் தலைவர்.

“பூசை வைக்காத வெறும் அப்பத்தை, ஆண்டவரோட உடம்பு, நற்கருணைன்னு கொடுக்க பெத்ரோனாக்சுக்கு மனசு வரல. எடுத்து வச்சிருந்த பழசைக் கொடுத்தாரு.”

பெத்ரோனாக்ஸ் மண்டியிட்டார். “கூப்பிட்டிருப்பாரு சாமி, நான் தூங்கிட்டேன். நாக்குல கடைசி நற்கருணை வைக்க ஆளில்லாம போனாரு. அதை எந்த வாயால சொல்லுவேன்? அவரு உயிரோட இருக்காருன்னு காட்ட சாறை நான்தான் குடிச்சேன்.”

“இந்த மனுஷன் கண்ணு போகப் போகுதுன்னு தெரிஞ்சுமா?”

 அதற்கு மேல் மரினியனால் திட்ட முடியவில்லை. அப்பம் கல்லாய் இருந்தபோதே அவருக்குச் சந்தேகம் தட்டியது. நமக்கேன் வம்பு என்று விழுங்கிவிட்டார். நேற்றே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஜெம்முலுசின் கையில் கயிறு விழுந்திருக்காது. நினைக்கவே வெட்கமாக இருந்தது.

லுப்போ கட்டை அவிழ்த்தான். ஜெம்முலுஸ் தன் கண்ணைப் பற்றிப் பேசவே இல்லை.

“சனிக்கிழமை மீன் சாறு வேணும்னு சொல்லி அனுப்பினாரு சாமி. ஆத்தங்கரை வரைக்கும் போகச் சோம்பல்பட்டு, மீன் இல்ல, நாளைக்குன்னு சொல்லிட்டேன். அப்போ அவரு பசியோடவா போனாரு?”