பழுப்புப் பந்து நின்ற இடம்

பெயிண்ட் கடைக்காரர் அந்தக் கோப்பையைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். ஜெயித்தவர் கொண்டுவருகிற மாதிரி இல்லை; திருட்டுப் பொருளை ஒப்படைக்க வருகிற மாதிரி இருந்தது.

"சார், இதைத் திருப்பிக் குடுக்கணும். யாருக்குக் குடுக்கறதுன்னுதான் தெரியல" என்றார்.

ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் நாற்காலியைக் காட்டினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கம்பவுண்டருக்கு அப்போதே கை பரபரத்தது. அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்து மருத்துவமனையில் மருந்து கொடுத்த நேரம் போக, மிச்ச நேரமெல்லாம் போஸ்ட்மாஸ்டரோடு ஊர் வழக்குகளை அலசுவதுதான் அவருக்கு வாழ்க்கை.

"கிளப்ல ஸ்னூக்கர் ஃபைனல். நானும் எங்க மாப்பிள்ளையும். கடைசி ஆட்டத்துல அவர் வேணும்னே விட்டுக்குடுத்துட்டார் சார். 'மாமனாருக்கு மாப்பிள்ளை குடுத்த சீதனம்'னு முகத்துக்கு நேரா சிரிக்கறாங்க. எனக்கு யாரும் பிச்சை போட வேண்டாம்!"

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

"எல்லார் முன்னாலயும் கேட்டேன். ஏமாத்துக்காரன்னே சொல்லிட்டேன். 'தப்பு என்னுதுதான் மாமா'ன்னு தலையைக் குனிஞ்சார். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. உண்மையைச் சொல்ற வரைக்கும் கடைப் பக்கம் வராதீங்கன்னுட்டேன். இப்ப பொண்ணு பெட்டியைக் கட்டறா. வேற ஊர்ல வேலை தேடிக்கறாங்களாம்." அவர் குரல் இறங்கியது. "எனக்கு இருக்கிறது அவ ஒருத்திதான் சார்."

"ஆட்டத்தைச் சொல்லுங்க. அவசரப்படாம."

அவர் சொன்னார். ஸ்னூக்கரில் முதலில் ஒரு சிவப்புப் பந்தைக் குழியில் போட வேண்டும், அடுத்து வேறொரு நிறப் பந்தை, பிறகு மறுபடி சிவப்பை. விழுந்த சிவப்பு விழுந்ததுதான். நிறப் பந்தை மட்டும் எடுத்து அதற்குரிய புள்ளியில் திரும்ப வைப்பார்கள். அன்று மாமனார் ஒரு சிவப்பைப் போட்டார், பழுப்பைப் போட்டார், அடுத்த சிவப்பைத் தவறவிட்டார். முகம் கழுவப் போயிருந்த மாப்பிள்ளை அப்போதுதான் உள்ளே வந்தார். அவர் அடிக்க வேண்டியது சிவப்பு.

"குழிக்கு எதிர்லயே ஒரு செவப்பு நின்னுச்சு சார். கண்ணை மூடிட்டுப் போடலாம். அதை விட்டுட்டு, தள்ளி நின்ன பிரவுனைக் குறிபார்த்து அடிச்சு உள்ள தள்ளினார். ஃபவுல். எனக்கு நாலு பாயிண்ட். அப்புறம் என்ன, மிச்சத்தை நான் முடிச்சுட்டேன்."

"ஃபவுல்னு சொன்னதும் அவர் என்ன செஞ்சார்?"

பெயிண்ட் கடைக்காரர் யோசித்தார். "சட்டைக் கையைப் பார்த்துக்கிட்டார். 'பந்துல கை பட்டுடுச்சா?'ன்னு ரெஃப்ரியைக் கேட்டார். அதுவும் நடிப்புதான்."

போஸ்ட்மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாப்பிள்ளை உங்க கடையில என்ன வேலை பார்க்கறார்?"

"பெயிண்ட் கலக்கறார். அதுல குறை சொல்ல முடியாது. நான்லாம் கண் அளவுலயே கலப்பேன். அவர் அட்டை நம்பரைப் பார்த்து, தராசுல நிறுத்து, சொட்டுக் கணக்கா ஊத்துவார். யாராவது பழைய சுவர்ச் சில்லைக் கொண்டாந்து 'இதே கலர் வேணும்'னு கேட்டா, அதை மட்டும் வாங்கி வெச்சுட்டு மறுநாள் வரச் சொல்லுவார். வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாப் பார்த்து நம்பர் எழுதிட்டு வருவார். அவ்வளவு ஒழுங்கு."

அவர் போனதும் கம்பவுண்டர் துள்ளினார். "சார், இது பந்தயக் காசு! மாப்பிள்ளை யார்கிட்டயோ கை நீட்டி இருக்கார்."

"வேணும்னு தப்பு செய்யறவனுக்கு என்ன தப்பு செஞ்சோம்னு தெரியாதா கம்பவுண்டர்? அவர் சட்டைக் கையை ஏன் பார்த்தார்?"

கம்பவுண்டர் தன் சட்டைக் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மறுநாள் மாலை இருவரும் கிளப்புக்குப் போனார்கள். பச்சைத் துணி விரித்த மேஜை, அதன் மேல் தாழத் தொங்கும் விளக்குகள், சுவரோரம் சாய்த்து வைத்த க்யூ கோல்கள். பந்து எடுத்து வைக்கிற மார்க்கர், காய்ச்சல் விட்டு அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தார்.

"ஃபைனல் அன்னிக்கு நான் இல்லை சார். வெளியூர் ரெஃப்ரி வந்தார். சுத்தமான ஆளு, ஆனா வாயே திறக்க மாட்டார். நான் அப்படி இல்லை. எந்தப் பந்தை எங்க வெச்சாலும் ஏலம் போடற மாதிரி சத்தமாச் சொல்லிடுவேன். பழக்க தோஷம்."

"அன்னிக்குப் பழுப்பு விழுந்தப்ப, அதோட புள்ளியில வேற பந்து நின்னிருந்தா?"

"நின்னுச்சாமே சார், ஒரு செவப்பு. எல்லாரும் சொன்னாங்க. சொந்த இடம் காலி இல்லைன்னா, காலியா இருக்கற இடத்துலயே பெரிய மதிப்புள்ள புள்ளியில வைக்கணும். அதான் ரூல். கறுப்புப் பந்து அதோட இடத்துல இருந்துச்சு. பிங்க் நகர்ந்திருந்ததால அந்த இடம் காலி. அதனால பிரவுனை அங்க வெச்சிருக்கார்."

"வெச்சுக் காட்டுங்க."

மார்க்கர் வைத்தார். பழுப்பின் சொந்தப் புள்ளியில் ஒரு சிவப்பு, நேர் எதிரே குழி. மேஜையின் அந்தக் கோடியில், சிதறிக் கிடந்த சிவப்புகளுக்கு நடுவே பழுப்பு. சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் வேடிக்கை பார்க்க எழுந்து வந்தார்கள். போஸ்ட்மாஸ்டர் வரச் சொல்லியிருந்தபடி மாமனார் ஒரு வாசல் வழியாகவும், மகளும் மாப்பிள்ளையும் இன்னொரு வாசல் வழியாகவும் வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளை மேஜையைப் பார்த்தார். உடனே பார்வையைத் தரைக்கு இறக்கினார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இங்க வேண்டாம். நாம மட்டும் வராந்தாவுக்குப் போய்ப் பேசுவோம்" என்றார் போஸ்ட்மாஸ்டர்.

ஆனால் கம்பவுண்டர் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பழுப்பு நிற்க வேண்டிய இடத்தில் சிவப்பு. சிவப்பு நிற்க வேண்டிய இடத்தில் பழுப்பு. தராசு, அட்டை நம்பர், வீட்டுக்குப் போகும் சுவர்ச் சில்லு, சட்டைக் கை. மனதுக்குள் சட்டென்று விளக்கு எரிந்தது. வாய் முந்திக்கொண்டது.

"சார்! இவருக்குச் செவப்பும் பிரவுனும் ஒண்ணாத்தான் தெரியுது! நிக்கிற இடத்தை வெச்சுத்தான் பிரவுனைக் கண்டுபிடிக்கறார். அன்னிக்கு இடம் மாறினதை அவர் பார்க்கல, ரெஃப்ரியும் சொல்லல. அதான் கைக்கெட்டின செவப்பை விட்டுட்டார். அதைப் பிரவுன்னும், அந்தப் பிரவுனைச் செவப்புன்னும் நினைச்சுட்டார்! கடையில சில்லைப் பார்த்துக் கலர் சொல்றது இவர் இல்லை சார், இவர் சம்சாரம்!"

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது.

"பெயிண்ட் கடை மாப்பிள்ளைக்குக் கலரே தெரியாதா! அடப்பாவி, எங்க வீட்டு ஹாலுக்கு என்னத்தைய்யா அடிச்சுவிட்ட?"

இன்னும் நாலைந்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். மாப்பிள்ளையின் காது மடல்கள் சிவந்தன. கம்பவுண்டர் போஸ்ட்மாஸ்டரைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

"ஏம்மா?" என்றார் மாமனார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"நான்தாம்ப்பா சொல்ல வேண்டாம்னேன். கலர் தெரியாதவரை வெச்சுக் கடை நடத்தறார்னு உங்களைத்தானே பேசுவாங்க? ஏமாத்துக்காரன்னு நீங்க சொன்னப்பகூட இவர் வாயைத் திறக்கலப்பா. அவமானம் தன்னோட போகட்டும், கடைக்கு வர வேண்டாம்னார்."

மாமனார் சிரித்தவர்கள் பக்கம் திரும்பினார். "உங்க ஹால்ல கலர் ஏதாவது கோணலா இருக்கா?"

"இல்ல… நல்லாத்தான் இருக்கு."

"அதைக் கலந்தது இவர்தான். சுவத்தைப் பார்த்துட்டு அப்புறம் வந்து சிரிங்க."

அந்த ஆள் தன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றார். பெயிண்ட் கடைக்காரர் மாப்பிள்ளையின் எதிரில் வந்தார். கூட்டத்துக்கு நடுவில் திட்டியவருக்கு, அதே கூட்டத்துக்கு நடுவில் மன்னிப்புக் கேட்க வார்த்தை அமையவில்லை. கடைசியில், "நாளைக்குக் கடைக்கு வந்துடுங்க மாப்பிள்ளை" என்று மட்டும் சொன்னார். மாப்பிள்ளை தலையாட்டினார். ஆனால் நிமிரவில்லை.

படி இறங்கும்போது கம்பவுண்டர் மெல்ல ஆரம்பித்தார். "நான் சொன்னது சரிதானே சார்?"

"ரொம்பச் சரி. நேத்தே எனக்கும் அதுதான் தோணிச்சு."

"அப்ப ஏன் சார் நேத்தே சொல்லல?"

"அது என்னோட ரகசியம் இல்லையே கம்பவுண்டர்."



மறுநாள் கம்பவுண்டர் மருத்துவமனைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பெயிண்ட் கடைக்குப் போனார். மன்னிப்புக் கேட்க வேண்டும். வழியெல்லாம் அந்த வாக்கியத்தைத்தான் ஒத்திகை பார்த்தார். கடையில் மாமனாரும் மாப்பிள்ளையும் இருந்தார்கள். மாப்பிள்ளை எழுந்து வந்து, எந்த வித்தியாசமும் இல்லாமல் கேட்டார்.

"வாங்க சார். என்ன கலர் வேணும்?"

ஒத்திகை பார்த்ததெல்லாம் பறந்துபோயிற்று. அவரைச் சங்கடப்படுத்தாத ஒரு பதிலைத் தேடினார் கம்பவுண்டர்.

"வெள்ளை" என்றார்.

மாப்பிள்ளை லேசாகச் சிரித்தார். "காலையிலேர்ந்து வர்ற எல்லாரும் வெள்ளையேதான் சார் கேக்கறாங்க."

உள்ளே டப்பா அடுக்கிக்கொண்டிருந்த மாமனாரின் கை அப்படியே நின்றது. கம்பவுண்டரால் கேட்டதை மாற்றிச் சொல்லவும் முடியவில்லை, அந்த முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. தன்னிடம் பூசுவதற்குச் சுவரே இல்லாத அந்த வெள்ளை டப்பாவை வாங்கிக்கொண்டு படி இறங்கினார்.