வாய் திறந்த பொம்மை

பெட்டியைத் திறந்ததும் வந்த வாடைதான் அவளை முதலில் நெருடியது. புது பிளாஸ்டிக்கின் காரமான மணம் இல்லை, வெகுநாள் அட்டைக்குள் கிடந்த தூசியின் மணமும் இல்லை. தூங்கி எழுந்த குழந்தை முகத்தோடு முகம் வைத்து ‘அம்மா’ என்று கூப்பிடும்போது வருமே, அந்த வெதுவெதுப்பான, லேசாகப் புளித்த வாடை.

பொம்மைக்கு எப்படி வாய் வாடை வரும் என்று தன்னையே கேலி செய்துகொண்டாள். நாளெல்லாம் ஊரார் வாயோடு மாரடிப்பவளுக்கு எதைத் திறந்தாலும் அப்படித்தான் தோன்றும். பல் மருத்துவர்கள் எடுத்தனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பல்செட் செய்து கொடுப்பது அவள் தொழில். வீட்டின் பின்னறைதான் பட்டறை. மேசை நிறைய யார் யாருடையதோ ஈறுகளும் தாடைகளும் வெள்ளைப் பிளாஸ்டரில் இளித்தபடி கிடக்கும். அவற்றின் நடுவே இப்போது எரிமலை வீரன் நின்றான். சாம்பல் நிறக் கவசம், மார்பில் சிவந்த வெடிப்புகள், முழங்கை நீளம்.

வாங்கும் எண்ணமே இல்லை. மருத்துவமனையில் பல்செட்டைக் கொடுத்துவிட்டு மழைக்கு ஒதுங்கிய கடையில் கண்ணில் பட்டது, கை தானாக நீண்டது, அவ்வளவுதான். தம்பி இப்படிப்பட்ட பொம்மைகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவன். இந்த வீரன் அவனுக்கு எங்கேயும் அகப்படவில்லை. ஒரு நாளாவது அவன் வயிறு எரியட்டுமே என்று படமெடுத்து அனுப்பினாள். அடுத்த நிமிஷமே அழைப்பு வந்தது.

“அக்கா! எங்க பிடிச்ச? பாதத்துக்கு அடியில முத்திரை இருக்கா பாரு.”

“இருக்குடா.”

“கழுத்தைத் திருப்பிப் பாரு. லூசா இருக்கா?”

திருப்பினாள். மூட்டு உரசும் சத்தமே இல்லாமல், சொன்னதைக் கேட்கும் பிள்ளைபோல் தலை திரும்பியது. விரல்களுக்குக் கீழே கழுத்து சூடாக இருந்தது. விளக்கின் சூடாக இருக்கும்.

“நல்லாத்தான் இருக்கு. பல்லுதான் கொஞ்சம் கோரமா செஞ்சிருக்கான்.”

“எந்தப் பல்லு?”

“வாய் லேசா திறந்திருக்கு இல்ல, உள்ள தெரியுதே.”

அவன் சிரித்தான். “விளையாடாதக்கா. நீ அனுப்பின படம் என் கண்ணு முன்னாடியே இருக்கு. வாய் இறுக்கி மூடித்தானே இருக்கு?”

அவள் போனில் படத்தைத் திறந்தாள். உதடுகள் ஒட்டிய, உறுமலை அடக்கிய முகம். நிமிர்ந்தாள். மேசையில் நின்றவனின் வாய் ஓர் அரிசி போகும் அளவுக்குத் திறந்திருந்தது.

“அப்புறம் பேசறேன்டா” என்று வைத்துவிட்டாள்.

கழுத்தைத் திருப்பியபோது தாடையும் அசைந்திருக்கும். உள்ளே ஏதோ ஸ்பிரிங் இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஜன்னலில் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் டிவி ஓடும் சத்தம் கேட்டது. மகள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயரே வாலு. சற்று முன்புதான் பொம்மையைத் தொட்டுப் பார்த்து, கட்டிப்பிடித்து, அதன் முகத்தில் முத்தம் வைத்து, “இது எனக்கு” என்று அடம்பிடித்திருந்தாள்.

“மாமாகிட்ட காட்டிட்டுத் தரேன். போய் டிவி பாரு.”

“போ! உன்கூட டூ. இனிமே பேசவே மாட்டேன்.”

சொன்னபடியே இருந்தாள். வழக்கமாகப் படத்தில் வருவோரோடு சேர்ந்து கத்தி வீட்டை இரண்டாக்குபவள், இன்று மூச்சுவிடவில்லை. அம்மாவின் ரோஷம் அப்படியே வந்திருக்கிறது என்று நினைத்து, சிரிப்பு வராமலே சிரித்தாள்.

பூதக்கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு குனிந்தாள். வாய் இன்னும் கொஞ்சம் திறந்திருந்தது. இந்த மாதிரிப் பொம்மைகளுக்கு வெள்ளைப் பட்டையாக ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். இவனுக்கோ ஒவ்வொரு பல்லும் தனித்தனியாக, ஈறிலிருந்து கிளம்பி, ஈரம் மினுங்க நின்றது. முன்பற்களின் விளிம்பில் ரம்பம்போல் சின்னச் சின்ன மேடுகள். புதிதாக முளைத்த பல்லுக்கு மட்டுமே இருப்பவை. மென்று மென்று சில வருஷங்களில் தேய்ந்துபோகிறவை. எந்தப் பொம்மைக்காரன் இவ்வளவு மெனக்கெடுவான்?

பிளாஸ்டிக்தானா? அதை அறிய ஒரு நொடி போதும். பல்செட் அரைக்கும் சின்ன மெஷினைக் கையில் எடுத்தாள். ஊசிமுனை கிறீச்சிட்டுச் சுழன்றது. மேல்வரிசையில் ஒரு பல்லின் ஓரத்தில் பட்டும் படாமல் வைத்தாள்.

வெள்ளைப் பொடி பறந்தது.

மூக்கில் ஏறியது தீய்ந்த நகத்தின் நாற்றம். பிளாஸ்டிக்கை அரைத்தால் இப்படி நாறாது. நிஜப் பல்லை அரைத்தால்தான் நாறும். படித்த காலத்தில், பிடுங்கிப்போட்ட பற்களை அரைத்துப் பழகிய கை அவளுடையது. அந்த நாற்றத்தை உறக்கத்திலும் அறிவாள்.

மெஷின் கையிலிருந்து நழுவியது. மேசையிலேயே சுற்றிச் சுற்றி ஓடி ஓய்ந்தது.

கூடத்தில் ஏதோ விழுந்து உடைந்தது.

“வாலு?”

டிவியில் யாரோ கைதட்டிச் சிரித்தார்கள்.

அவள் மறுபடி பொம்மையைப் பார்த்தாள். பார்த்திருக்கவே கூடாது. வாய் அகலத் திறந்திருந்தது. மேல்வரிசையில் இடப்பக்க முன்பல் சற்றே திரும்பி, பக்கத்துப் பல்மேல் சாய்ந்து நின்றது. அதற்கடுத்து ஒரு சின்ன இடைவெளி. அந்தச் சாய்வை அவளுக்குத் தெரியும். இன்று காலைகூட, மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, தானே பிரஷ் வைத்துத் தேய்த்துவிட்டது. கோணலா முளைக்குதே, கம்பி போடணுமோ என்று கவலைப்பட்டது.

அதன் ஓரத்தில்தான் இப்போது அரைத்த தடம். தடத்தில் மெல்ல ஊறியது ஒரு சிவப்புப் புள்ளி.

“வாலு! டூ எல்லாம் போதும்மா. அம்மாகூடப் பேசு!”

ஓடினாள். கால் நாற்காலியில் இடித்தது. வலிக்கவில்லை.

கூடத்தில் டிவி வெளிச்சம் மட்டும். தரையில் கண்ணாடி டம்ளர் உடைந்து கிடந்தது. மகள் சோபாவில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் முகத்தில். தோள்கள் குலுங்கின. அழுகைச் சத்தம் மட்டும் இல்லை.

“கண்ணு... என்னடா? இங்க பாரு. அம்மாவைப் பாரு.”

மகள் திரும்பினாள். கண்களில் நீர் கொட்டியது. கைகளை மெல்ல இறக்கினாள்.

மூக்குக்குக் கீழே மோவாய்வரை ஒரே வழவழப்பு. பிளவு இல்லை. மடிப்பு இல்லை. உதடுகள் இருந்த இடத்தில், மெல்லிய தூரிகையால் இழுத்ததுபோல், ஒரு சிவப்புக் கோடு.

குழந்தை அந்தக் கோட்டை விரல்நகத்தால் கீறிக் கீறித் திறக்கப் பார்த்தது. நகத்தில் பெயின்ட் வந்தது.

அப்போது பின்னறையிலிருந்து, பிளாஸ்டர் தாடைகளின் நடுவிலிருந்து, மகளின் குரல் கூப்பிட்டது.

“அம்மா... பல்லு வலிக்குதும்மா.”