டாக்டர் வைத்த கெடு

"ஐயோ... என் ராசாவே!"

பிளாரன்ஸின் அலறலில் தூத்துக்குடிக் கடற்கரையே திரண்டு வந்தது.

சங்கு குளிக்கப் போன அவள் புருஷன் ரோச், மணலில் அசைவற்றுக் கிடந்தான். பக்கத்தில் அவள் அண்ணன் கஸ்பார், தலைகுனிந்து!

சப் இன்ஸ்பெக்டர் சுந்தர்சிங் மீசையைத் தடவினார்.

"ஏலே கஸ்பாரு... ரோச் முங்குனப்ப அவனை மேல இழுக்குத கயிறு ஒன் கையிலதானே இருந்துச்சு?"

கூட்டம் கொதித்தது.

"என்ன பேச்சு பேசுதீரு? தங்கச்சி தாலியை எவனாவது அறுப்பானா? அதுக்குத்தானே மச்சான் கையில மட்டும் கயித்தக் கொடுக்கோம்!"

"எனக்கு எல்லார் மேலயும் சந்தேகந்தான்!"

கார் ஒன்று வந்து நின்றது. சர்ஜன் அருமைநாயகம்!

போன வருஷம் ரோச்சின் தொடையில் தேங்காய் பருமனுக்கு இருந்த கட்டியை அறுத்தெடுத்தவர். சதையில் வரும் அபூர்வப் புற்று. அறுத்த பிறகு யார் தேறுவார், யார் தேறமாட்டார் என்று அடித்துச் சொல்வதில் புலி. ரோச்சுக்கு அவர் வைத்த கெடு கிறிஸ்மஸ். ஈஸ்டரே போய்விட்டது... ரோச் கடலில் குதித்துக்கொண்டிருந்தான். ஊர் சிரித்தது. மதராஸில் பெரிய டாக்டர்கள் முன்னால் தன் கணிப்பைப் பற்றிப் பேசப் போகிறவருக்கு இது பொறுக்குமா?

டாக்டர் குனிந்து ரோச்சின் மூக்கருகே விரலை வைத்தார். மூச்சில்லை.

"கஸ்பாரை விடுங்க. கட்டி பெருசு... ஆழம் வேற. அறுத்தாலும் நுரையீரலுக்கு ஏறியே தீரும். நான்தான் அன்னைக்கே சொன்னேனே!"

"உடம்பை அறுத்துப் பார்க்க வேண்டாமா டாக்டர்?"

"எதுக்கு? நானே சர்டிபிகேட் தாரேன்!"

சுந்தர்சிங் ஒரு பாட்டிலை நீட்டினார்.

"நீங்க ரோச்சுக்கு இனாமாக் கொடுத்த டானிக். ஒரு மடக்கு குடிங்களேன்!"

டாக்டரின் முகம் வெளுத்தது.

"வே... வேண்டாம்!"

"எப்படிக் குடிப்பாரு?" பிளாரன்ஸ் கண்ணைத் துடைத்தாள். "எம் புருசன் கசக்குன்னு வீட்டு முத்தத்துல துப்புனாக. அதைக் கொத்துன கோழி அங்கனயே செத்துப்போச்சு!"

"பொய்! நான் கொடுத்தேங்கிறதுக்கு யார் சாட்சி? ரோச் எந்திரிச்சு வந்து சொல்லுவானா?"

பிணம் எழுந்து உட்கார்ந்தது!

"சொல்லுதேன் டாக்டரய்யா! மூச்சடக்குதது நம்ம பொழப்புல்லா?"

டாக்டர் மணலில் சரிந்தார்.

சுந்தர்சிங் விலங்கை மாட்டினார்.

"ரோச்சோட கெடுவை விடுங்க டாக்டர்... உங்க கெடுவை இனி ஜட்ஜ் சொல்லுவாரு!"