பச்சை விளக்கு எரிந்தால்...

"இன்னாண்ணா... என் மூஞ்சியில இன்னா ஒட்டிக்கினு கீது?"

ஷாரோன் மைக்கில் கேட்டே விட்டாள். கேட்காமல் எப்படி இருப்பது? கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த அந்த ஆள் வந்ததிலிருந்து அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான். இமைக்கவில்லை, சிரிக்கவில்லை. பரீட்சை ஹாலில் முன் பெஞ்சுக்காரனின் பேப்பரைப் பார்ப்பது மாதிரி ஒரு பார்வை...

"ஒண்ணும் ஒட்டலங்க. பாக்கக்கூடாதா?"

"செவுத்தப் பாருங்க."

"செவுத்துல என்ன இருக்கு?"

அடேயப்பா... பேச்சைப் பார்! ஷாரோனுக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் ஒரு கார் பாகக் கம்பெனியின் கேண்டீன் பக்கத்தில் மெடிக்கல் வேன் வந்து நின்று இரண்டு நாளாகிறது. ஷிப்டுக்கு நூற்றைம்பது பேர். கண்ணுக்கு ஒருத்தர், ரத்தத்துக்கு ஒருத்தர், காதுக்கு ஷாரோன். சத்தம் புகாத சின்னப் பெட்டி அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஒவ்வொரு காதிலும் மெல்லிசாக ஒரு 'பீப்' கொடுப்பாள். கேட்டால் கையிலிருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தினால் அவள் எதிரே பச்சை விளக்கு எரியும். வேலை அவ்வளவுதான். வருகிற எல்லாருமே அவளுக்கு 'அண்ணா'. வம்பே இல்லை பாருங்கள்!

இவன் பெயர் இசக்கிபாண்டி. வயது இருபத்தாறு. இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ட்ரெய்னி. தூத்துக்குடிப் பக்கம். இடது காதில் ஒரு 'பீப்' தப்பவில்லை, நூற்றுக்கு நூறு. வலது காதில் மட்டும் இரண்டை விட்டுவிட்டான். பரவாயில்லை, பாஸ்தான்.

அவன் நீட்டிய இன்னொரு படிவத்தைப் பார்த்துத்தான் அவள் புருவம் உயர்ந்தது.

"ஸ்கூபாவா? கடலுக்குள்ளாறயா?"

"ஆமாங்க. பிரஸ்சுக்குள்ள கை விடாம பீஸ் எடுக்கதுக்கு ஒரு ஐடியா குடுத்தேன். பரிசா அந்தமான் டிக்கெட் குடுத்துட்டாவ. குடும்பத்துல நாலு பேரு, அஞ்சு நாளு. அப்பா, அம்மா, தங்கச்சி, நானு. காது நல்லாருக்குன்னு எழுதிக் குடுத்தாத்தான் முங்க விடுவாவளாம்."

"நாங்க மெரினாவுல கால் நனைக்கிறதுக்கே நாலு மாசம் ப்ளான் பண்ணுவோம்..."

அப்போது அவன் சிரித்தான். முதல் தடவை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து இரண்டு தாளிலும் கையெழுத்துப் போட்டார். அவன் படியிறங்கிப் போன பிறகும் ஷாரோன் 'அடுத்து வாங்கண்ணா' என்று கூப்பிட மறந்து உட்கார்ந்திருந்தாள்.

அன்று முழுக்க அந்தப் பார்வை கூடவே வந்தது. யாரும் தன்னை அப்படிப் பார்த்ததில்லை... ஒருத்தர் கூட.

மறுநாள் சாயங்காலம் மழை. சும்மா மழை இல்லை, கார்த்திகை மழை. வல்லக்கோட்டை பஸ்ஸுக்காக நின்ற ஷாரோன் பத்தடி தள்ளி அவனைப் பார்த்துவிட்டாள். நனைந்துகொண்டு, ரோட்டையே வெறித்துக்கொண்டு. மழைத்துளி அவன் புருவத்தில் நின்று நின்று விழுந்தது. அவன் வலப்பக்கத்து டீக்கடைத் தகரத்தில் மழை தடதடத்தது. அவள் குடையைச் சாய்த்துக்கொண்டு அவனுக்கு இடது பக்கமாகப் போய் நின்றாள்.

"ஹலோ... அந்தமான்!"

அவன் திரும்பவில்லை.

"இசக்கிபாண்டி!"

ஊஹூம். பக்கத்தில் நின்ற சுண்டல்காரர் கூடத் திரும்பிப் பார்த்துவிட்டார். அவளுக்குச் சுருக்கென்றது. நேற்று முழுங்குகிற மாதிரி பார்த்துவிட்டு இன்றைக்கு இவ்வளவு திமிரா? சரிதான் போடா...

அவள் திரும்பின நேரத்தில்தான் ஒரு ட்ரெய்லர் லாரி ரிவர்ஸில் வந்தது. ஹாரன் காதைக் கிழித்தது. கிளீனர் கத்தினான். எல்லாரும் சிதறினார்கள். இசக்கிபாண்டி மட்டும் எந்தப் பக்கம் என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தான். குடையைப் போட்டுவிட்டு ஓடி, அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள் ஷாரோன். இரண்டு பேரும் சேற்றில் விழுந்தார்கள்.

எழுந்து நின்றபோது அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. அவ்வளவு பெரிய ஹாரன் எந்தப் பக்கம் என்றுகூடவா தெரியாது? மறுபடி அவன் இடது பக்கம் போய், காதருகில், "இசக்கி" என்றாள். அசைவில்லை. வலது பக்கம் வந்தாள். "இசக்கி." சட்டென்று திரும்பினான்.

புரிந்துவிட்டது. கருமம்... எல்லாமே புரிந்துவிட்டது!

"பட்டனத் தட்டுனது காதால இல்ல. என் கண்ணப் பாத்து."

அவன் தலை குனிந்தான். "பீப் குடுக்கயில நீங்க லேசா கண்ணத் தூக்குவீங்க. ஒவ்வொரு தடவயும்."

படிக்கும்போதே அவளுடைய மேடம் திட்டுவார்கள், முகத்தில் ஒன்றும் காட்டாதே என்று. அதுகூட அவளுக்கு வலிக்கவில்லை. ஒரு நாள் முழுக்க நெஞ்சுக்குள் வைத்திருந்தாளே ஒரு பார்வை... அது அவளைப் பார்த்த பார்வையே இல்லை. காப்பி அடித்த பார்வை. சே!

"ஒரு பொண்ணப் பாக்குற மாரி பாத்து ஏமாத்திட்டீங்களே. வெக்கமா இல்ல?"

"சின்னதுலயே காது ஒழுகி, ஜவ்வுல ஓட்ட விழுந்து, கேக்கதே நின்னுட்டுங்க. அன்ஃபிட்டுன்னு போட்டா ட்ரெய்னிய நேரா ஊருக்கு அனுப்பிருவாவ. பரிசும் போச்சு." அவன் முகத்துச் சேற்றைத் துடைத்தான். "காது ஆறிட்டுன்னுதான் எங்கப்பா நெனச்சிட்டிருக்காரு. அவரு சங்கு குளிக்கவரு. முப்பது வருசம். வேலைக்குத்தான் முங்குனாரு, மீனு பாக்கணும்னு ஒருநாளும் முங்குனதில்ல. என்னயக் கடல்ல விடவே மாட்டாரு. இப்ப அவரே, 'ரெண்டு பேரும் சேந்து முங்குவோம்ல'ங்காரு... தெனமும் தொட்டித் தண்ணியில தலைய விட்டு மூச்சு பழகிட்டிருக்காரு."

மழை கொட்டியது. ஷாரோனுக்கு அழுகை வந்தது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"ஓட்டக் காதுல ஆழத்துத் தண்ணி பூந்தா தல சுத்தும். மேல எது, கீழ எதுன்னே தெரியாது. அப்ப பக்கத்துல யாரு இருப்பா? உங்கப்பா. புள்ள தவிக்கிறத பாத்துக்கினு சும்மா இருப்பாரா? தன் வாயில கீற காத்துக் குழாயப் புடுங்கி உனக்குக் குடுப்பாரு..."

கோபத்தில் 'உனக்கு' என்று வந்துவிட்டது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

"நாளைக்கு வேன் கடைசி நாளு. மூணு மணி வரைக்கும் பாப்பேன். நீங்களே வரணும். வரலன்னா நானே டாக்டர்கிட்ட போய், என் ரிப்போர்ட் தப்புன்னு சொல்லுவேன். என் வேல போனாலும் சரி."

பஸ் வந்தது. அவள் ஏறிப் போய்விட்டாள். அவன் சேற்றோடு அங்கேயே நின்றான்.

மறுநாள் மூன்று மணி சங்கு ஊதியது. ஷாரோன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சுருட்டுக்கும் வாசலை ஒரு பார்வை. வர மாட்டான். ஏன் வர வேண்டும்? வந்தால் அவனுக்கு என்ன மிச்சம்?

"டெஸ்ட் எடுங்க மேடம்."

வாசலில் நின்றான். சீருடையில் எண்ணெய் வாசம், கண் சிவந்திருந்தது. ராத்திரி தூங்கவில்லை போல.

அவள் பெட்டி அறைக்குள் இருந்த சுழல் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். இப்போது அவளுக்கு அவன் முதுகும், பட்டன் மேல் தயாராக நின்ற கட்டைவிரலும் மட்டும்தான் தெரிந்தன.

இடது காது. பீப்... விளக்கு எரியவில்லை. சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். ஆண்டவரே, ஒரே ஒரு தடவை... ஒன்றுமில்லை. அந்தக் கட்டைவிரல் பட்டனை விட்டு நகரவில்லை. வராத சத்தத்துக்காக அவன் தலையைச் சாய்த்துக் காத்திருந்ததைப் பார்க்க அவளால் முடியவில்லை. மெஷின் அதன் எல்லையைத் தொட்டது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

வலது காது. பீப். பச்சை. பீப். பச்சை. எவ்வளவு குறைத்தாலும் பச்சை... ஒன்றுகூட விடவில்லை.

அவள் கை நின்றது. அப்புறம் மைக்கைப் போட்டாள்.

"வலது காது நல்லாத்தான கீது. அன்னிக்கி ஏன் ரெண்ட வுட்டீங்க?"

சுவரைப் பார்த்தபடியே அவன் சொன்னான். "கேக்காத காதுக்குத்தான் உங்க கண்ணு தேவப்பட்டுது. கேக்குற காதுக்குப் பாக்க வேண்டிய அவசியமே இல்லங்க. ஆனா பாத்தேன்... பாத்துட்டே இருந்திட்டேன். அமுக்க மறந்துபோச்சு."

ஷாரோன் பேனாவை எடுத்தாள். இடது காது: கேட்கும் திறன் இல்லை. ஸ்கூபா: தகுதி இல்லை. முதல் ரிப்போர்ட்: என் பிழை. கையெழுத்துப் போடும்போது தாளில் ஒரு சொட்டு விழுந்து மை கலைந்தது.

"எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"நேத்து அப்பாட்ட சொல்லிட்டேன். போன அம்மாட்ட குடுத்துட்டாரு. பொறவு, 'சரி, வாடா'ன்னாரு. தொட்டித் தண்ணியத் தொறந்து விட்டுட்டாராம்... ஞாயித்துக்கிழம பஸ்சு." அவன் தோள் குலுங்கியது. "இனி இந்தப் பக்கம் எனக்கு யாரு இருக்கா?"

கடல் போயிற்று. வேலை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை இவனும் போகிறான். கையெழுத்தை அடித்துவிடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அடிக்கவில்லை.

"இந்தப் பக்கம் திரும்புங்க," என்றாள் மைக்கில்.

நாற்காலி திரும்பியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஈரமான முகம். அவள் மைக்கை அணைத்தாள். மெஷினிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இனி எந்தக் காதுக்கும் எந்தச் சத்தமும் போகாது. கண்ணைத் தூக்கி அவனை நேராகப் பார்த்தாள். அழுதுகொண்டே, நிதானமாக, உதடு தெரியச் சொன்னாள்.

"உன்ன எனக்குப் புடிச்சிருக்கு, இசக்கி. எங்க போனாலும்."

அண்ணா இல்லை.

அவன் பார்த்தான். அன்று பார்த்த அதே பார்வை...

பச்சை விளக்கு எரிந்தது. அவள் விம்மினாள், முகத்தை மூடிக்கொண்டாள், திறந்து பார்த்தாள். இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவன் பட்டனிலிருந்து விரலை எடுக்கவே இல்லை.