கூப்பிட்டதும் வந்தவள்

வெள்ளையம்மாளுக்கென்று விரித்து வைத்திருந்த படுக்கை சூடாக இருந்தது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு நாள் கிடந்துவிட்டு, சேலம் வரை ரயிலிலும் அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் பஸ்ஸிலுமாக ஏறி, மலைமேல் ஒண்டிக்கடை பஸ் நிறுத்தத்தில் இறங்கி, எஸ்டேட் ஜீப்பில் குலுங்கிக் குலுங்கித் தன் ஊரான கொட்டச்சேட்டுக்கு வந்து சேர்ந்திருந்தாள். நெஞ்செலும்பை நடுவில் அறுத்து, கெட்டுப்போன வால்வை எடுத்துவிட்டு உலோகத்தில் ஒன்றை வைத்து, எலும்பைக் கம்பியால் இழுத்துக் கட்டி அனுப்பியிருந்தார்கள். படுத்தால் போதும் என்றிருந்தது. படுத்தாள். யாரோ இப்போதுதான் எழுந்து போன வெதுவெதுப்பு முதுகில் பட்டது. அதுவும் கார்த்திகைப் பனியில்.

"ஏனுங்க, இதுல ஆரு படுத்திருந்தா?"

"ஆரு படுப்பா? பூனை கீனை ஏறிருக்கும்," என்றான் கணவன் ஐயாக்கண்ணு. அவர்கள் வீட்டில் என்றைக்கும் பூனை இருந்ததில்லை.

வீடு அடங்கினால் அவள் நெஞ்சிலிருந்து டிக், டிக் என்று சத்தம் கேட்கும். புது வால்வு திறந்து மூடுகிற சத்தம். "இது கேட்கிற வரைக்கும் நீ நல்லா இருக்கேன்னு அர்த்தம்மா," என்று டாக்டர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். ஐந்து வயது மகள் செல்வி கதவோரமாகவே நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாதமாக இந்த முகத்தைத்தானே நினைத்து நினைத்து அழுதோம் என்று நினைத்தபடி வெள்ளையம்மாள் அவளை அழைத்தாள்.

"வா சாமி. அம்மாகிட்ட வா."

பிள்ளை வந்தாள். காதை வைத்துப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் திரும்பி, "இந்த அம்மாக்குச் சத்தம் வருது," என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

தன்னைத் தூக்கச் சொல்லிக் கையை நீட்டினாள் பிள்ளை. மூன்று மாதத்துக்குக் குடம் தூக்கக்கூடாது, குழந்தை தூக்கக்கூடாது, தூக்கினால் உள்ளே கம்பி பிய்த்துக்கொள்ளும் என்று நர்ஸம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "அம்மாக்கு முடியாது கண்ணு," என்று சொல்லும்போது, மார்பை அறுத்தபோதுகூட இவ்வளவு வலித்திருக்காது என்று தோன்றியது. மறுநாளும் பிள்ளை கையை நீட்டினாள். மூன்றாம் நாள் நீட்டவில்லை.

"கோவமா சாமி?"

"இல்ல. அந்தம்மா தூக்கும்."

அன்று சாயங்காலம் ஐயாக்கண்ணு மாத்திரையும் வெந்நீருமாக வந்தான். ரத்தம் உறையாமல் இருக்க ஆறு மணிக்குப் போடவேண்டிய மாத்திரை. அவள் வாங்கவில்லை.

"நான் இல்லாதப்ப இங்க என்ன நடந்துச்சு?"

அவன் டம்ளரைத் தரையில் வைத்தான். பிறகு சொன்னான்.

ஆபரேஷன் அன்று, கூடப் போயிருந்த அவள் அண்ணன் சின்னன் எஸ்டேட் ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டிருக்கிறான். "நெஞ்ச நிறுத்திட்டாங்க" என்கிற வரைக்கும் பேசினான், லைன் அறுந்துவிட்டது. ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டர் தேவசிகாமணி கேட்டதை அப்படியே வந்து சொன்னார். இதயத்தை நிறுத்தி வைத்து, மிஷினில் ரத்தத்தை ஓடவிட்டு, வேலை முடிந்ததும் மறுபடி ஓட வைப்பார்கள் என்று இந்த மலையில் யாருக்குத் தெரியும்? நின்றது நின்றதுதான் என்று ஒப்பாரி வைத்துவிட்டார்கள்.

மலைக்கு வெளியே செத்தவர் வழி தெரியாமல் அலையக்கூடாது என்று அவர்கள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. பொழுது சாயுமுன் ஓடைக்கரைக்குப் போய், செத்தவர் உடுத்திய துணியைக் கையில் ஏந்தி, பேர் சொல்லி மூன்று தரம் கூப்பிடவேண்டும். பிறகு திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து துணியைப் படுக்கையில் போடவேண்டும். ஐயாக்கண்ணு அவளுடைய பச்சைச் சேலையை எடுத்துப்போய்க் கூப்பிட்டிருக்கிறான்.

"மறாநாள் நீ பொழச்ச சேதி வந்துருச்சு. நொம்ப சந்தோசத்துல கோழி அடிச்சு ஆக்குனோம். பூசாரிகிட்டக் கேட்டதுக்கு, உசுரோட இருக்கறவள எங்கடா திருப்பி அனுப்பறதுன்னு சிரிச்சாரு. நானும் சிரிச்சுப்போட்டு வந்துட்டேன்."

"கூப்புட்டீங்களே. ஆராச்சும் பதில் குடுத்தாங்களா?"

அவன் நிமிரவில்லை. "மூணாந்தரம் கூப்புட்டப்ப, ஏனுங்கன்னு கேட்டுச்சு. உன் கொரலுதான் புள்ள."

"அந்தச் சீல எங்க?"

"தேடிட்டுத்தான் இருக்கறேன்."

அதற்குப் பிறகு அவளுக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. ஐயாக்கண்ணு காப்பி காயப்போடும் களத்துக்குப் போனதும், காப்பித் தோல் புளித்த வாடையும் சில்வர் ஓக் இலைகளிலிருந்து பனி சொட்டுகிற சத்தமும் மட்டும் இருக்கிற மத்தியானங்களில், அடுப்படியில் ஒரு பாத்திரம் மெல்ல நகரும், ஈரத்துணி தரையில் இழுபடும், செல்வி யாரிடமோ கிசுகிசுத்துச் சிரிப்பாள். சுவரைப் பிடித்து எழுந்து போய்ப் பார்த்தால் பிள்ளை தனியாக உட்கார்ந்திருப்பாள், வாயோரத்தில் சோற்றுப் பருக்கையோடு. யார் ஊட்டினார்கள் என்று வெள்ளையம்மாள் கேட்பதில்லை. கேட்கப் பயமாக இருந்தது. தனக்கு உடம்பு தேறுவதற்குள் பிள்ளை தன்னை மறந்துவிடுவாள் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

ஒன்பதாம் நாள் மூன்று மணிக்கு, கொஞ்சம் வெயில் படட்டுமே என்று வாசலைக் கடந்து ஆரஞ்சு மரத்தடிக் கல்லில் போய் உட்கார்ந்தாள். பத்து நிமிஷம்கூட வெயில் நிற்கவில்லை. பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்து காப்பிச் செடிகளை மூடியது, களத்தை மூடியது, பத்தடி தள்ளி இருந்த வீட்டையும் பாதி மறைத்தது.

ஓடைப் பக்கத்திலிருந்து செல்வியின் சிரிப்பு கேட்டது.

பனிக்குள் பிள்ளையின் தலை தெரிந்தது. இருக்கவேண்டிய உயரத்தில் இல்லை. மேலே இருந்தது. ஓர் இடுப்பில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

பச்சைச் சேலை.

மேட்டில் ஏறி வந்தாள் அவள். விறுவிறுவென்று. பத்து வயதிலிருந்து வெள்ளையம்மாள் அந்த மேட்டை மூச்சிரைக்காமல் ஏறியதில்லை. வந்தவளுக்கு இரைக்கவில்லை. மூச்சே தெரியவில்லை.

களத்திலிருந்து ஐயாக்கண்ணு வந்தான். நின்றான்.

"ஏம்புள்ள, புள்ளயத் தூக்கலாமா நீ?"

"இப்ப ஒண்ணும் வலிக்கலீங்க."

வந்தவளிடம் வெள்ளையம்மாளின் முகம், வெள்ளையம்மாளின் குரல். அவன் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாளில் அவன் அப்படிச் சிரித்து வெள்ளையம்மாள் பார்க்கவில்லை. மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

வெள்ளையம்மாள் கத்தினாள். நெஞ்செலும்பு கத்த விடவில்லை. காற்றுதான் வந்தது. எழுந்தாள். பத்தடி. பத்தே அடி. கதவு தாழிட்டிருந்தது. தட்டினாள்.

"ஆரு?" என்றான் ஐயாக்கண்ணு.

"நாந்தாங்க. வெள்ளையம்மா. தொறங்க."

பக்கத்துச் சன்னல் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தாள். தாழ்ப்பாளில் கை வைத்தபடி அவன் நின்றிருந்தான். அவனுக்குப் பின்னால் பச்சைச் சேலைக்காரி, பிள்ளையோடு.

"தொறக்காதீங்க," என்றாள் உள்ளே இருந்தவள், அன்பாக. "அன்னிக்கு நீங்க கூப்புட்டீங்களே. அதுதான் வந்து நிக்குது."

"பொய்யிங்க! எம்பட நெஞ்சுல காத வெச்சுப் பாருங்க! சத்தம் கேக்குதுங்களா, இல்லீங்களா?"

அவன் தடுமாறினான். கை தாழ்ப்பாளைக் கொஞ்சம் நகர்த்தியது. உள்ளே இருந்தவள் அவன் தலையை மெல்லப் பிடித்துத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டாள். அவன் கேட்டான். அந்த மார்பிலிருந்தும் டிக், டிக் என்று வந்தது.

கை தாழ்ப்பாளை விட்டு இறங்கியது.

"செல்வி! சாமி! நீ சொல்லு!"

பிள்ளை சன்னலைப் பார்த்தாள். வீறிட்டாள். பச்சைச் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

உள்ளே இருந்தவள் பிள்ளையின் முதுகைத் தட்டிக் கொடுத்தபடியே சன்னலுக்கு வந்தாள். வெள்ளையம்மாளை ஒரு முறை பார்த்தாள். பிறகு, குழந்தைக்குப் பனி அடிக்காமல் எந்தத் தாயும் செய்வதுபோல, சன்னல் பலகையை மெதுவாக இழுத்துச் சாத்தினாள்.